ஸ்லோ குக்கர்: முதலில் கொதி, அப்புறம் நிதானம்

1/
"டாக்டர், பிரஷர் குக்கர்ல சமைச்சா சத்தெல்லாம் போயிடுதாமே, ஸ்லோ குக்கர் வாங்கிடலாமா?" அடிக்கடி வர்ற கேள்வி இது. வாங்கலாம், தாராளமா வாங்கலாம். ஆனா கேள்வியில இருக்கிற காரணம் தப்பு. வாங்குறதுக்கு நல்ல காரணங்கள் வேற இருக்கு. வாங்கின முதல் நாளே தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் ஒண்ணும் இருக்கு. ரெசிபி வீடியோக்கள்ல அதைப் பெரும்பாலும் சொல்றதில்லை. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
முதல்ல மெஷின் என்னன்னு பார்ப்போம். கரண்ட்டில் சூடாகும் ஒரு அடிப்பாகம், அதுக்குள்ள கனமான பீங்கான் பானை, மேல கண்ணாடி மூடி. விசில், வெயிட், கேஸ்கட் எதுவும் கிடையாது. 3, 4 லிட்டர் மாடல் ஏறத்தாழ 200 வாட் இழுக்கும். வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட். அதாவது பத்தில் ஒரு பங்கு. 8 மணி நேரம் ஓடினாலும் 1.6 யூனிட்தான். கரண்ட் பில் பயம் வேண்டாம்.

ஆனா வாட் குறைவுன்னா சூடு ஏறுறதும் மெதுவாத்தான் நடக்கும். இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

3/
இது எங்கிருந்து வந்தது? சிகாகோவில் இர்விங் நாக்சன் என்பவர் 1940ல் இதுக்குக் காப்புரிமை வாங்கினார். லிதுவேனியாவில் வளர்ந்த அவரோட அம்மா சொன்ன கதைதான் தூண்டுதல். யூதர்கள் ஓய்வுநாளில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அதனால வெள்ளி மாலையே இறைச்சி, பீன்ஸ் போட்ட பானையை ஊர் ரொட்டிக்கடைக்குக் கொண்டு போவாங்க. அன்னைக்கு ரொட்டி சுட்ட அடுப்பின் மிச்ச சூட்டில் அது ராத்திரி முழுக்க வேகும். அந்த உணவுக்குப் பேர் சோலண்ட். பிறகு ரைவல் என்ற நிறுவனம் நாக்சனின் கம்பெனியை வாங்கி, 1971ல் 'கிராக் பாட்' என்ற பெயரில் இதை விற்க ஆரம்பிச்சது. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு போனது அதுக்கப்புறம்தான்.

4/
இதைக் கேட்டதும் "அட, இது எங்க பாட்டி மண்சட்டியில செஞ்சதுதானே"ன்னு தோணும். விற்கிறவங்களும் அப்படித்தான் சொல்றாங்க. நான் இதுல முழுசா உடன்பட மாட்டேன்.

பாட்டி என்ன செஞ்சார்? விறகை எரியவிட்டு, குழம்பு தளதளன்னு கொதிச்சதும் விறகை வெளியே இழுத்துட்டு, தணல்ல விட்டார். முதலில் கொதி, அப்புறம் நிதானம். ஸ்லோ குக்கர் தலைகீழ். குளிர்ந்த பானை, குளிர்ந்த கறி, 200 வாட். அங்கிருந்து மணிக்கணக்கில் மெள்ள மெள்ள சூடு மேல ஏறுது. நான் சொல்ல வர்ற எல்லாமே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கு.

5/
ஏன் இது முக்கியம்? 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கிருமிகள் பெருகும் எல்லை. கறியில் சாதாரணமா இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு 43 முதல் 47 டிகிரி ரொம்பப் பிடிக்கும். அந்தச் சூட்டில் சுமார் 10 நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக முடியும். கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு மணி நேரத்தில் ஒண்ணு அறுபத்து நாலாகும்.

பயமுறுத்தலை. அளவா நிரப்பி, ஐஸ் விட்ட கறி போட்டு, மெஷினும் நல்லா இருந்தா பானை இந்த எல்லையைத் தாண்டிப் போயிடும், கடைசியில் நல்லா வெந்தும்விடும். அமெரிக்க வேளாண் துறையே இதைப் பாதுகாப்பான முறைன்னுதான் சொல்லுது. நாம செய்யும் சில காரியங்கள்தான் பானையை அந்த எல்லைக்குள்ளேயே நிறுத்தி வைக்குது.

6/
இதுல எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை? நம்ம வீடுகளில் இந்தப் பானையில சமைச்சது யாருக்குப் போகுதுன்னு யோசிங்க. பிரசவமான பொண்ணுக்குப் பத்திய சூப். பல் இல்லாத தாத்தாவுக்குக் குழைய வெந்த கறி. கீமோ எடுக்கிறவருக்குக் கஞ்சி. ஒன்றரை வயசுக் குழந்தைக்கு மசிச்ச சாப்பாடு. நல்ல உடம்பு உள்ள ஆளுக்கு ஒருநாள் வயித்துப்போக்கோட முடியுற விஷயம், இவங்களுக்கு ட்ரிப்ஸ், அட்மிஷன்னு போகும். வீட்டிலேயே பலவீனமானவங்களுக்காக வாங்குற பாத்திரத்தில்தான் வீட்டிலேயே அதிக கவனம் இருக்கணும்.

7/
முதல் எச்சரிக்கை, மிக முக்கியமானது: ராஜ்மா.

காய்ந்த சிவப்பு ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற இயற்கை நச்சு இருக்கு. சரியா வேகாத 4, 5 கொட்டை போதும். 1 முதல் 3 மணி நேரத்தில் குமட்டல், கடும் வாந்தி, அப்புறம் வயித்துப்போக்கு. 100 டிகிரியில் நல்லா கொதிச்சா நச்சு அழிஞ்சிடும். சிக்கல் எங்கன்னா, 80 டிகிரி அளவுக்கு மட்டும் சூடானா நச்சுத்தன்மை குறையறதுக்குப் பதிலா பச்சைக் கொட்டையை விட 5 மடங்கு வரை கூடலாம்னு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்குது. ஸ்லோ குக்கர் பல மணி நேரம் சுத்துற இடம் அதே 80 டிகிரிதான்.

8/
இது ஏட்டுல மட்டும் இருக்கிற ஆபத்து இல்லை. இங்கிலாந்தில் 1976 முதல் 1989 வரை ராஜ்மாவால் வந்ததா சந்தேகப்பட்ட 50 சம்பவங்களை ஆய்வு செஞ்சு எழுதியிருக்காங்க. நம்ம ஊர்ல இது அதிகம் கேள்விப்படாததுக்கு ஒரு காரணம் பிரஷர் குக்கர். விசில் வர்ற நேரம் உள்ள சூடு ஏறத்தாழ 120 டிகிரி. எந்த நச்சுன்னு பேர்கூடத் தெரியாம நம்ம அம்மாக்கள் அதை அழிச்சுக்கிட்டு வந்திருக்காங்க. அந்தக் குக்கரைப் பரண்ல ஏத்திட்டு ராஜ்மாவை ஸ்லோ குக்கருக்கு மாத்தினா, அந்தக் காவலும் பரணுக்குப் போயிடும்.

9/
அப்போ ராஜ்மாவை எப்படிச் செய்யலாம்?
• குறைஞ்சது 5 மணி நேரம் ஊறவையுங்க. ராத்திரி முழுக்க ஊறினா இன்னும் நல்லது.
• ஊறின தண்ணியைக் கொட்டிடுங்க.
• புதுத் தண்ணியில அடுப்பில் 30 நிமிஷம் தளதளன்னு கொதிக்க விடுங்க. அல்லது வழக்கம்போல குக்கர்ல விசில் விடுங்க.
• அதுக்கப்புறம் ஸ்லோ குக்கருக்கு மாத்துங்க.
வெள்ளை ராஜ்மாவில் நச்சு குறைவு, ஆனா இல்லாமல் இல்லை. காய்ந்த பீன்ஸ் எதுவானாலும் இதையே பழக்கமாக்கிக்கோங்க. இன்னொண்ணு, புளியும் தக்காளியும் முதல்லயே போட்டா பயறு சீக்கிரம் வேகாது. கடைசியில போடுங்க.

10/
இரண்டாவது: ஃப்ரீசர்ல இருந்து நேரா பானைக்குப் போகும் கட்டிக் கறி. 200 வாட் அதை உருக வைக்கவே மணிக்கணக்கு ஆகும். வெளிப்பக்கம் வெதுவெதுன்னு இருக்கும், நடுவுல ஐஸ் இருக்கும். கிருமிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. முந்தின நாள் ராத்திரியே கீழ்த்தட்டுக்கு மாத்தி, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஐஸ் விடட்டும். அடுப்படி மேடையில வச்சு ஐஸ் விட வைக்காதீங்க.

11/
மூன்றாவது: டைமர். ராத்திரி 10 மணிக்கு எல்லாத்தையும் போட்டு மூடி, காலையில 4 மணிக்கு ஸ்டார்ட் ஆகுற மாதிரி வைக்கிறது. கேட்க நல்லா இருக்கு. ஆனா 6 மணி நேரம் பச்சைக் கறி நம்ம ஊர் வெக்கையில உட்கார்ந்திருக்கு. கெட்டுப்போகக் கூடிய உணவு வெளியே இருக்க 2 மணி நேரம்தான் எல்லை. 32 டிகிரிக்கு மேல வெயில்னா 1 மணி நேரம். சென்னை, மதுரை, திருச்சியில வருஷத்தில் பாதி நாள் அந்த 1 மணி நேரக் கணக்குதான்.

டைமர் மாடல் வாங்கினா, சமையல் முடிஞ்சதும் 'வார்ம்' நிலைக்கு மாறுறதுக்கு அதைப் பயன்படுத்துங்க. தாமதமா ஆரம்பிக்கிறதுக்கு வேண்டாம்.

12/
நான்காவது: கரண்ட் கட். வெளிநாட்டு வீடியோக்கள்ல இது வராது, ஆனா நமக்கு இதுதான் தினசரி வாழ்க்கை. காலையில போட்டுட்டு ஆபீஸ் போறீங்க, நடுவுல 2 மணி நேரம் கரண்ட் இல்லை. திருகு மாடல்னா கரண்ட் வந்ததும் தானா ஓட ஆரம்பிச்சிடும், நடுவுல நின்னதே உங்களுக்குத் தெரியாது.

நீங்க வீட்ல இருக்கும்போது கரண்ட் போனா, உடனே கேஸ் அடுப்புக்கு மாத்தி சமைச்சு முடிங்க. இல்லாதப்போ போயிருந்தா, பார்க்க வெந்த மாதிரி இருந்தாலும் கொட்டிடுங்க. மனசு வராதுன்னு தெரியும். மட்டன் விலை எனக்கும் தெரியும். ஆனா ஒருநாள் அட்மிஷன் செலவு அதை விட ரொம்ப அதிகம். பவர் ஷட்டவுன் அறிவிப்பு வந்த நாள்ல ஸ்லோ குக்கரைத் தொடவே வேண்டாம்.

13/
ஐந்தாவது: மிச்சத்தை அதிலேயே சூடு பண்றது. ஃப்ரிட்ஜ்ல இருந்த குழம்பை ஸ்லோ குக்கர்ல போட்டு 'வார்ம்' வச்சா அது மறுபடியும் மணிக்கணக்கில் அந்த ஆபத்து எல்லைக்குள்ள நடந்து வரும். அடுப்பில் கொதிக்க வச்சுட்டு, வேணும்னா அப்புறம் ஸ்லோ குக்கர்ல ஊத்தி சூடா வச்சுக்கோங்க. விருந்தாளி வர்ற நாளுக்கு அது நல்ல வசதி.

14/
ஆறாவது: ஆற வைக்கிற விதம். கனமான பீங்கான் பானை, சூட்டைப் பிடிச்சு வச்சுக்கிறதுக்குன்னே செஞ்சது. ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டு ராத்திரி அப்படியே விட்டா, விடியற வரைக்கும் வெதுவெதுப்பு போகாது. கொதிச்சும் சாகாத விதைகள் (ஸ்போர்) அந்த வெதுவெதுப்பில் முளைச்சுப் பெருகும்.

சமைச்ச 2 மணி நேரத்துக்குள்ள சின்னச் சின்ன, ஆழமில்லாத டப்பாவுக்கு மாத்தி ஃப்ரிட்ஜ்ல வைங்க. "மறுபடி கொதிக்க வச்சுட்டா சரியாயிடும்"னு நினைக்காதீங்க. வடிச்ச சோத்தை வெளியே விட்டா பாசிலஸ் செரியஸ் என்ற கிருமி விடக்கூடிய நச்சு, திரும்பக் கொதிக்க வச்சாலும் போகாது.

15/
இப்போ நல்ல பகுதி, எப்படிப் பழகறதுன்னு பார்ப்போம். முதல் நாள் கறி வேண்டாம், வெறும் தண்ணி ஊத்துங்க. பானையில பாதிக்கு மேல, முக்கால்வாசிக்குக் கீழ. மூடி போட்டு 'லோ'வில் 8 மணி நேரம். கடைசியில மூடியைத் திறந்த உடனே சமையல் தெர்மாமீட்டர் வைங்க. 85 முதல் 93 டிகிரிக்குள்ள இருந்தா மெஷின் நல்லா இருக்கு. 85க்குக் கீழ இருந்தா அதை நம்பாதீங்க, திருப்பிக் கொடுங்க. 93க்கு மேல இருந்தா ஆபத்து இல்லை, ரெசிபியில சொன்னதை விட சீக்கிரம் வெந்துடும், அவ்வளவுதான். ஆன்லைன்ல மெஷின் வாங்குறவங்க அதே ஆர்டர்ல ஒரு தெர்மாமீட்டரும் சேர்த்துக்கோங்க.

16/
'லோ', 'ஹை' குழப்பம்: 'லோ'ன்னா கடைசி வரைக்கும் கம்மி சூடுன்னு பலர் நினைக்கிறாங்க. இன்றைய மாடல்கள் பலவற்றில் இரண்டும் கடைசியில் போய்ச் சேருற இடம் கொதிநிலையை ஒட்டித்தான். 'ஹை' சீக்கிரம் போகும், 'லோ' மெதுவாப் போகும். அதனால முதல் 1 மணி நேரம் 'ஹை'யில வச்சுட்டு அப்புறம் 'லோ'வுக்கு மாத்துங்க. பாட்டி விறகை இழுத்த அதே கணக்கு.

17/
அதைவிட நல்லது: வெங்காயம், இஞ்சி பூண்டு, மசாலாவை வாணலியில வதக்கி, கறியையும் அதுலயே பிரட்டி, தண்ணி விட்டு ஒரு கொதி வந்ததும் சூடாவே பானைக்கு மாத்துங்க. ருசியும் கூடும், ஆபத்து எல்லையையும் ஒரே தாவா தாண்டிடலாம். பானை மட்டும் ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்ததா இருக்கக் கூடாது, குளிர்ந்த பீங்கான்ல கொதிக்கிறதை ஊத்தினா விரிசல் விடும்.

தண்ணி வழக்கத்தை விடக் கம்மியா விடுங்க, இதுல ஆவி வெளியே போகாது. தேங்காய்ப்பாலும் தயிரும் கடைசி அரை மணி நேரத்தில். இல்லைன்னா திரிஞ்சிடும்.

18/
மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீங்க. நம்ம கை சும்மா இருக்காது, கிண்டணும்னு தோணும். ஒவ்வொரு தடவை திறந்தாலும் போன சூட்டைத் திரும்பப் பிடிக்க 20 நிமிஷம் வரை ஆகலாம். கண்ணாடி மூடி வச்சிருக்கிறதே வெளியில இருந்து பார்க்கத்தான்.

19/
அமெரிக்கா, கனடாவில இருந்து சொந்தக்காரங்க கொண்டு வந்து கொடுக்கிற மெஷினா? அடியில ஒட்டியிருக்கிற லேபிளைப் பாருங்க. 120 வோல்ட்னு இருந்தா நம்ம 230 வோல்ட் பிளக்கில் நேரா செருகாதீங்க. சக்தி கிட்டத்தட்ட 3.7 மடங்கு ஏறும். மெஷின் கருகும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. பிளக் அடாப்டர் பின்னோட வடிவத்தை மட்டும்தான் மாத்தும், வோல்டேஜை மாத்தாது. சிங்கப்பூர், மலேசியா, லண்டன், துபாய் மெஷின்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

20/
சரி, சத்து விஷயத்துக்கு வருவோம். பிரஷர் குக்கர் சத்தைக் கொல்லும், ஸ்லோ குக்கர் காப்பாத்தும்னு வர்ற ஃபார்வர்டு சரியில்லை. வைட்டமின் சி, ஃபோலேட் மாதிரி மென்மையான சத்துகளுக்குச் சூடு எவ்வளவு முக்கியமோ, எவ்வளவு நேரம் சூட்டில் இருக்குங்கிறதும் அவ்வளவு முக்கியம். குக்கர்ல சூடு அதிகம், நேரம் 10 நிமிஷம். ஸ்லோ குக்கர்ல சூடு கம்மி, நேரம் 8 மணி. இதுல ஸ்லோ குக்கருக்கு எந்த மகுடமும் கிடையாது. இரும்பு, துத்தநாகம் மாதிரி தாதுக்கள் இரண்டிலும் அழியாது, குழம்புத் தண்ணியில இறங்கியிருக்கும். குழம்போட சாப்பிட்டா வந்து சேரும். கீரையை மட்டும் 8 மணி நேரம் போட்டுடாதீங்க, பாவம்.

21/
"எலும்பு முறிஞ்சிருக்கு, ஆட்டுக்கால் சூப் 12 மணி நேரம் ஸ்லோ குக்கர்ல வச்சுக் கொடுத்தா கால்சியம் இறங்கும்ல?" ரொம்பக் கொஞ்சம்தான் இறங்கும். ஒரு 200 மில்லி டம்ளர் பால்ல சுமார் 240 மில்லிகிராம் கால்சியம் இருக்கு. 100 கிராம் கேழ்வரகுல சுமார் 350. சூப் அந்தப் பக்கம்கூட வராது. சூப்ல இருக்கிற ஜெலட்டினும் நேரா எலும்புல போய் ஒட்டாது, மத்த புரதம் மாதிரியே வயித்துல செரிச்சுத்தான் உடம்புக்குள்ள போகும்.

ஆனா பசி இல்லாம படுத்திருக்கிறவருக்குச் சூடா, இதமா, வாய்க்குப் பிடிச்ச மாதிரி ஒரு டம்ளர் சூப் உள்ள போறது நல்ல விஷயம்தான். கொடுங்க. அதோட பால், முட்டை, பருப்பு, கேழ்வரகையும் கொடுங்க. உப்பை மட்டும் பார்த்துப் போடுங்க.

22/
சர்க்கரை உள்ளவங்களுக்கு ஒரு வார்த்தை. அரிசியோ சிறுதானியமோ, ராத்திரி முழுக்கக் குழைஞ்ச கஞ்சி சீக்கிரம் செரிக்கும், சர்க்கரையும் சீக்கிரம் ஏறும். 'சிறுதானியம், ஸ்லோ குக்கர், அப்போ ஆரோக்கியம்'னு ரெண்டு கிண்ணம் சாப்பிடாதீங்க. தானியம் முழுசா கண்ணுக்குத் தெரியற பதத்தில் எடுத்துடுங்க. கூடவே சுண்டலோ முட்டையோ சேர்த்துக்கோங்க.

23/
அப்போ இது எதுக்குத்தான் நல்லது? நாட்டுக்கோழி, நல்லி, மட்டன் கழுத்து, ஆட்டுக்கால் மாதிரி தசைநார் நிறைஞ்ச துண்டுகளுக்கு. அதுல இருக்கிற கொலாஜன் ஈரச் சூட்டில் பல மணி நேரம் இருந்தாதான் ஜெலட்டினா இளகும். பல் இல்லாதவங்களும் விழுங்கச் சிரமப்படுறவங்களும் கறி சாப்பிட இது உண்மையான வழி. வயசானவங்களுக்குப் புரதம் குறையறது நான் தினமும் பார்க்கிற பிரச்சினை, "மெல்ல முடியலை டாக்டர்"னு கறியை விட்டுடுவாங்க. அவங்களுக்காக வாங்குங்க, அதுதான் நல்ல காரணம். மீன், சோறு, துவரம்பருப்பு இதுக்கெல்லாம் இது தேவையில்லை. பருப்புக்கு நம்ம பிரஷர் குக்கரை அடிச்சுக்க ஆள் இல்லை.

24/
இன்னொரு நல்ல காரணம் நேரம். அடுப்பு முன்னாடி நிக்க வேண்டியதில்லை, பால் பொங்குதான்னு பார்க்கிற மாதிரி காவல் இருக்க வேண்டியதில்லை. மூட்டு வலி, முதுகு வலியோட ஒன்றரை மணி நேரம் நின்னு சமைக்கிற எத்தனையோ அம்மாக்களுக்கு இது பெரிய ஆறுதல். காய் நறுக்கிப் பானையில போட்டு ஸ்விட்ச் போடுறதை வீட்ல யார் வேணாலும் செய்யலாம். மகனுக்கும் கணவருக்கும் சமையல் கத்துக்க இதைவிடச் சுலபமான பாத்திரம் இல்லை. விசில் எண்ணத் தேவையில்லாததால சாக்கும் சொல்ல முடியாது.

25/
விற்கிறவங்களுக்கும் ரெசிபி வீடியோ போடுறவங்களுக்கும் என் வேண்டுகோள். 'போட்டுட்டு மறந்துடுங்க'ன்னு விளம்பரம் பண்ணாதீங்க. ராஜ்மாவைத் தனியாக் கொதிக்க வைக்கணும்னு பெட்டி மேலயே, தமிழ்லயே அச்சடிங்க. ராஜ்மா ரெசிபி போட்டா முதல் வரியில அதைச் சொல்லுங்க. பக்கம் பக்கமா இங்கிலீஷ்ல இருக்கிற கையேட்டின் 14ஆம் பக்கத்துல இருக்கிற எச்சரிக்கை, அடுப்படியில நிக்கிற அக்காவுக்குப் போய்ச் சேராது.

26/
சுருக்கம், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிக்கோங்க:
• ராஜ்மா, காய்ந்த பீன்ஸ்: ஊறவை, தண்ணி கொட்டு, 30 நிமிஷம் கொதி, அப்புறம்தான் ஸ்லோ குக்கர்.
• கறி ஐஸ் விட்டிருக்கணும்.
• பானை பாதி முதல் முக்கால்வாசிக்குள்.
• சூடா ஆரம்பி, முதல் 1 மணி நேரம் 'ஹை'.
• தாமத டைமர் வேண்டாம்.
• கரண்ட் எவ்வளவு நேரம் போச்சுன்னு தெரியலைன்னா கொட்டு.
• மிச்சம்: 2 மணி நேரத்துக்குள் சின்ன டப்பா, ஃப்ரிட்ஜ். சூடு பண்றது அடுப்பில்.

27/
சாப்பிட்ட சில மணி நேரத்தில் வீட்ல ரெண்டு மூணு பேருக்குச் சேர்ந்து வாந்தியோ வயித்துப்போக்கோ வந்தா, முதல்ல ஓ.ஆர்.எஸ். கொடுக்க ஆரம்பிங்க. சிறுநீர் குறையறது, மயக்கம், மலத்தில் ரத்தம், குழந்தை துவண்டு போறது, இதுல ஒண்ணு இருந்தாலும் தாமதிக்காம மருத்துவமனைக்குப் போங்க. கர்ப்பிணி, கைக்குழந்தை, வயசானவங்க, கீமோ எடுக்கிறவங்கன்னா அறிகுறி லேசா இருந்தாலும் காட்டிடுங்க. என்ன சாப்பிட்டீங்க, எப்படிச் சமைச்சீங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க, அந்த விவரம் எங்களுக்கு ரொம்ப உதவும்.

வெளியூர்ல தனியா சமைக்கிற பிள்ளைங்களுக்கும், புதுசா இந்த மெஷின் வாங்கினவங்களுக்கும் இந்த இழையை அனுப்புங்க. வேற கேள்வி இருந்தா கீழ கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன்.